வயர் எங்கள் வீட்டில், பல்பு எதிர்வீட்டில்

இரண்டு வீட்டுக்குப் பங்கு பிரித்த கிறிஸ்துமஸ் விளக்கு எங்கள் லைனில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வயர் எங்கள் வீட்டில். பல்பு எதிர்வீட்டில். வயரை மட்டும் வைத்துக்கொண்டு துணி காயப்போடலாம். பல்பை மட்டும் வைத்துக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால்தான் வெளிச்சம். இந்த அழகான ஏற்பாட்டைச் செய்துவிட்டுக் கப்பல் ஏறியவள் ஒரு துரைசாணி.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நான் 'இன்னா' என்றால் அவள் 'என்ன' என்று போட்டுவிடுகிறாள். அதனால் நான் காலேஜுக்குப் போனவள் மாதிரி எங்காவது தெரிந்தால் அந்தக் குற்றம் அவளுடையது. மற்றவர்கள் பேசினதையாவது பேசினபடியே போடு என்று கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. கோலார் தங்கவயலில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். பெங்களூர்க்காரன் சீமெண்ணெய் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே எங்களுக்குக் கரண்டு வந்துவிட்டதாம். வந்தது உண்மைதான். யாருக்கு வந்தது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் சுரங்கத்து மிஷினுக்கு வந்தது. பிறகு பங்களாவுக்கு வந்தது. பிறகு துரைமார்கள் ஆடுகிற கிளப்புக்கு வந்தது. துரையின் குதிரை லாயத்துக்குக்கூட வந்தது என்பாள் என் மாமியார். மாமியார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும், ஆனால் குதிரையை நான் தள்ளவில்லை. சுரங்கத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் இருந்த எங்களுக்கு வருவதற்குள் அந்தக் குதிரை செத்து அதன் குட்டியும் கிழடாகியிருக்கும்.

என் மாமனார் பங்களாக்களில் வயர் இழுக்கிற ஆளுக்குக் கையாள். எதிர்வீட்டு அக்காவின் மாமனார் ஒரு பங்களாவில் பட்லர். எதிர்வீட்டு அக்கா என்பவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், வேதக்காரி, நான் இந்த லைனுக்கு மருமகளாக வந்த நாள் முதல் என்னோடு சண்டை போடுகிறவள். நாங்கள் கும்பிடுகிறவர்கள் வேறே. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஆடிக் கிருத்திகை. இந்த விளக்கு விஷயத்தில் மட்டும் இரண்டு வீடும் ஒரே மதம்.

அந்தப் பங்களாவில் ஆரம்பத்தில் மெழுகுவர்த்திதான் வைத்தார்களாம். எண்ணெய் டின்னில் மண்ணை நிரப்பி, ஒரு சவுக்குக் கிளையை நட்டு, கிளைக்குக் கிளை மெழுகுவர்த்தியைச் சொருகி, சுற்றி நின்று பாட்டுப் பாடுவார்கள். காய்ந்த கிளையில் நெருப்பைக் கட்டிவிட்டுப் பாட்டுப் பாடலாம் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றியதோ. ஒரு வருஷம் பாட்டு பாதியில் இருக்கும்போது ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. பட்லர் கையிலிருந்த சூப்பை ஊற்றி அணைத்தார் என்பது எதிர்வீட்டுக் கதை. என் மாமனார் திரையைப் பிடுங்கி மிதித்து அணைத்தார் என்பது எங்கள் வீட்டுக் கதை. இரண்டு பேரும் செத்துப்போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தத் திரையை இன்னும் யாரும் முழுசாக அணைத்து முடிக்கவில்லை.

அடுத்த வருஷமே சீமையிலிருந்து கப்பலில் ஒரு பெட்டி வந்தது. அட்டைப் பெட்டி. மூடியில் பனியில் நிற்கிற ஒரு பொம்பளைப் பிள்ளை படம். உள்ளே பச்சைத் துணி சுற்றின வயரும் பன்னிரண்டு பல்பும். இப்போதைய பல்பு மாதிரி மொழுக்கென்று இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு உருவம். கிளி, ஆந்தை, திராட்சைக் குலை, கூரையில் பனி கொட்டின குடிசை, ஒரு பபூன், பிடில் வாசிக்கிற பூனை, அப்புறம் தாடி வைத்த தாத்தா. பால் நிறக் கண்ணாடி ஊதி, அதன் மேல் சாயம் தீட்டியிருந்தார்கள். அதைப் பார்க்க லைனிலிருந்து குஞ்சு குளுவானோடு போய்ப் பங்களா வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பார்களாம். மினுக்கென்று எரியும், மின்மினி மாதிரி இருக்கும் என்று மாமியார் கையை விரித்துச் சொல்வாள். உள்ளே கேக், வெளியே மின்மினி. அவரவருக்குக் கிடைத்ததை அவரவர் கொண்டாடினார்கள்.

வெள்ளைக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அந்தத் துரைசாணி நியாயமாக நடக்க ஆசைப்பட்டாள். வருஷா வருஷம் கட்டிவிட்ட என் மாமனாருக்கு வயர். வருஷா வருஷம் துடைத்து வைத்த பட்லருக்குப் பெட்டியோடு பல்பு. இரண்டு பேர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். அவர்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் எதையாவது இரண்டாகப் பிரித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள் போலிருக்கிறது.

அன்றிலிருந்து இதுதான் வழக்கம். டிசம்பர் பிறந்தால் அக்கா வீட்டிலிருந்து பெட்டி வரும், எங்கள் வீட்டிலிருந்து வயர் போகும். ரோட்டுக்கு நடுவில் யார் யாரிடம் போவது என்பதில் ஒரு சண்டை. பிறகு அவள் வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து மாட்டுவோம். அவள் செய்த கேக்கில் ஒரு துண்டு தருவாள். அதை உடைக்க மருந்து வைத்து வெடிக்க வேண்டும், பாறையென்றால் பாறை. வருஷா வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். வருஷா வருஷம் பெரிய துண்டாகத்தான் கொடுத்திருக்கிறாள்.

சீரியல் செட்டின் குணம் தெரிந்திருக்கும். ஒன்று போனால் எல்லாமே போய்விடும். எது போனது என்று செத்தது சொல்லாது. இருட்டில் எல்லா முகமும் ஒன்றுதான். முதன்முதலில் கிளி போனபோது ஊரெல்லாம் தேடியும் அந்த அளவில் பல்பு கிடைக்கவில்லை. சீமைக்கு எழுதிப்போட எங்களுக்கு யாரைத் தெரியும்? என் வீட்டுக்காரர், அவரும் அப்பா மாதிரியே வயர் வேலை பார்த்தவர், ஆனால் சுரங்கத்தில், ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற ஜிகினாத் தாளைக் கிழித்து, செத்த பல்பின் அடியில் சுற்றி, திரும்ப அதே குழியில் திருகினார். கரண்டு அதன் வழியாகவே தாண்டி அடுத்த பல்புக்குப் போய்விட்டது. கிளி எரியவில்லை, மற்றதெல்லாம் எரிந்தது. வேலை செய்யாவிட்டாலும் ஆளை எடுக்காமல் இடத்திலேயே உட்கார வைக்கிற முறை இது. ஆபீசுகளில் நன்றாகப் பழக்கமுள்ள முறைதான்.

அதற்குப் பிறகு குடிசை போனது, ஆந்தை போனது. ஒவ்வொன்றுக்கும் ஜிகினா. இதற்காகத்தான் சிகரெட் பிடிக்கிறேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார் மனுஷன். டாக்டர் திட்டி நிறுத்தின பிறகும் சட்டைப் பையில் ஜிகினாத் தாள் மட்டும் மடித்து வைத்திருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு பல்பு போகும்போதும் மற்றவை முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தன. லைன் முழுக்க வந்து பார்க்கும். பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டிலிருந்து, பங்காருபேட்டையிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள். வந்தவர்களை நிறுத்தி வைத்து என் வீட்டுக்காரர் சொல்வார்.

"வெள்ளைக்காரன் கையில இது மினுக் மினுக்குன்னு அழுதுகினு இருந்திச்சி. எங்கப்பாவே சொல்லிக்கீறாரு. நம்ம கைக்கு வந்தப்பறம் பாரு."

பார்த்தவர்களும் தலையை ஆட்டுவார்கள். சர்க்காருக்குப் போகாமல் சுரங்கக் கம்பெனி நம் கையில் இருந்திருந்தால் இப்படித்தான் ஜொலித்திருக்கும் என்று ஒரு பென்ஷன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுரங்கம் மூடி, வேலை போய், பிள்ளைகளெல்லாம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு நின்றுகொண்டே போய்வர ஆரம்பித்த பிறகும் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் வெள்ளைக்காரனை ஜெயித்துக்கொண்டே இருந்தோம்.

இனி போன டிசம்பருக்கு வருகிறேன்.

அக்காவின் மகன் அந்த ரயிலில் பல வருஷம் நின்றவன். பெங்களூரில் ஒரு வீடு வாங்கிவிட்டான். வீடென்றால் தரையில் இல்லை, பதினோராவது மாடியில். அவளுடைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து நாளாயிற்று, தனியாக இருக்கிறாளே என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக முடிவு செய்தான். கிறிஸ்துமஸ், புது வருஷம் முடிந்ததும் இந்த வீட்டைப் பூட்டிவிடுவது என்று ஏற்பாடு. நல்ல பிள்ளைதான். என்னைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறவன். நல்ல பிள்ளைகள் செய்கிற காரியத்தைத்தான் திட்டவும் முடிவதில்லை.

டிசம்பர் பிறந்ததும் ஒரு காலையில் நான் அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா பெட்டியோடு வந்தாள். ரோட்டுக்கு நடுவில் நிற்கவில்லை, சண்டை போடவில்லை, நேரே உள்ளே வந்து அந்தப் பெட்டியை என் மடியில், அவரைக்காய் மேலேயே வைத்தாள்.

"இந்தா, நீயே வெச்சுக்கோ. நான் போற எடத்துல இத எங்கடி மாட்டறது."

இந்தப் பெட்டிக்காக நான் போடாத சண்டை இல்லை. ஒரு தீபாவளிக்குக் கேட்டேன், கொடுக்கவில்லை. என் மகன் கல்யாணத்துக்குக் கேட்டேன், பல்பு உடைந்தால் நீ பெற்றுத் தருவாயா என்று கேட்டவள் இவள். அப்படிப்பட்ட பெட்டி மடியில் தானாக வந்து உட்கார்ந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணக்குப் போட எழுத்து வேண்டுமா என்ன? பல்பும் இங்கே, வயரும் இங்கே என்றால், இவள் எதற்காகத் திரும்பி வருவாள்? வீடு பூட்டிக்கிடக்கும். வீட்டுக்காரர் கல்லறைக்கு வருவேன் என்கிறாள். மகன் காரில் கூட்டிவந்து, பூவை வைக்கச் சொல்லி, அதே காரில் திருப்பி அழைத்துப் போய்விடுவான். கல்லறையில் படுத்திருப்பவர் இவளுக்குக் காபி போட்டுத் தரப்போகிறாரா, இவளோடு சண்டை போடப்போகிறாரா?

இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்களுக்குள் இல்லை. அதனால் பெட்டியைத் தூக்கி அவள் கையிலேயே வைத்தேன்.

"பாதி பல்பு பீஸு. உன் ஊட்டுக் குப்பைய எந்தலையில கட்டிட்டுப் போலாம்னு பாக்கறியா?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. கொடுக்க வந்ததை வாங்கிக்கொள்ளாவிட்டால் யாருக்கும்தான் சுருங்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அவரைக்காயை உரித்தேன், தோலைச் சட்டியில் போட்டு விதையைக் குப்பையில் போட்டேன் என்று பிறகு மருமகள் சொன்னாள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்கா மகன் காதுக்கு விஷயம் போனது. அவனுக்குப் பெங்களூரில் ஒரு சிநேகிதன், காபிக் கடை வைத்திருக்கிறான். அந்தக் கடையில் பழைய சாமான்களாக மாட்டி வைத்திருப்பார்களாம். சுரங்கத் தொப்பி ஒன்று, புகை படிந்த அரிக்கேன் ஒன்று, உடைந்த தையல் மிஷின் ஒன்று. நாங்கள் எதையெல்லாம் வீசி எறிந்தோமோ அதற்குக் கீழே உட்கார்ந்து காபி குடிக்கத்தான் அங்கே கூட்டமாம். போட்டோவைப் பார்த்ததுமே அந்தச் சிநேகிதன் பல்புகளைக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறேன் என்று துள்ளினானாம். மகன் என்னிடமே வந்து கேட்டான்.

"சின்னம்மா, நீங்கதான் பல்பு வாணான்ட்டீங்க. வயரையும் குடுத்தீங்கன்னா செட்டா நல்லாருக்கும்."

வயரில் அவரைக் கொடி ஏற்றிவிட்டேன், இப்போது அவிழ்த்தால் செடி செத்துவிடும் என்று சொன்னேன். அவன் எட்டித் தோட்டத்தைப் பார்த்தான். அவரைச் செடியே என்னிடம் கிடையாது, பூதிகோட்டைக் கிராமத்துக்காரி கூடையில் கொண்டுவருகிறதைத்தான் வாங்குகிறேன் என்று அவனுக்கும் தெரியும். இன்னொரு தரம் தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பெட்டியை வாங்கிக்கொண்டால் அக்கா வர மாட்டாள். வாங்காவிட்டால் தாத்தாவும் பூனையும் காபிக் கடைக்குப் போய்விடும், அப்போதும் அவள் வர மாட்டாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கிற பல்பு மாதிரி இருந்தது எனக்கு.

அந்த டிசம்பர் முழுக்க அவள் வராந்தாவில் மகன் வாங்கிவந்த புது விளக்கு தொங்கியது. சைனா சாமான். அரிசி அரிசியாக ஆயிரம் விளக்கு, கூடவே ஒரு ரிமோட். ஒரு தடவை அமுக்கினால் போலீஸ் ஜீப். இன்னொரு தடவை அமுக்கினால் ஆம்புலன்ஸ். மூன்றாவது தடவை அமுக்கினால் வீட்டுக்கே வலிப்பு வந்த மாதிரி துடிக்கும். அக்கா அந்த ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அமுக்கினால் என்ன ஆகுமோ என்று மாலை முழுக்க அமுக்காமலே உட்கார்ந்திருப்பாள். எங்கள் பக்கம் பார்க்க மாட்டாள். நானும் பார்க்கவில்லை. ஜன்னல் திரையை லேசாக விலக்கித்தான் பார்த்தேன். லைனில் போகிற வருகிறவர்களெல்லாம் பழைய செட் எங்கே, பழைய செட் எங்கே என்று என்னைக் கேட்டார்கள். அவளைக் கேளுங்கள் என்றேன். அவளைக் கேட்டால் என்னைக் கேட்கச் சொன்னாளாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம். அக்கா வாசலில் நின்று ரோட்டைத் தாண்டிக் குரல் கொடுத்தாள்.

"வயர எட்துக்கினு வாடி. கடைசித் தடவையா ஒரு தரம் எரிச்சிட்டு, அப்பறம் எது எங்க போவணுமோ போவட்டும்."

போனேன். என் வீட்டுக்காரரும் டெஸ்டரைக் காதில் சொருகிக்கொண்டு, கூப்பிடாமலே பின்னால் வந்தார். துடைத்தோம், மாட்டினோம். நானும் அவளும் அன்றைக்கு அதிகம் பேசவில்லை. எடு, கொடு, பிடி, அவ்வளவுதான். பிளக்கைச் சொருகினால் ஒன்றும் எரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். எவனுக்கும் வேண்டாத மனுஷனுக்கு ஒரு வேலை வந்துவிட்டதே. ஒவ்வொன்றாகத் தட்டி, திருகி, டெஸ்டரை வைத்துக் கண்டுபிடித்தார். இந்தத் தடவை போனது தாடித் தாத்தா. சாயமெல்லாம் உரிந்து பாதி முகம்தான் பாக்கி இருந்தது, அதுவும் போய்விட்டது. உடனே சட்டைப் பையிலிருந்து ஜிகினாத் தாள் வெளியே வந்தது.

அக்கா மகன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தான். இத்தனை வருஷத்தில் அந்தத் தாளை அவன் இப்போதுதான் கவனிக்கிறான். சின்னப் பிள்ளையில் பார்த்தபோது புரிந்திருக்காது, பெரியவனானதும் பார்க்க நேரமிருந்திருக்காது. மற்ற பல்புகளையும் கழற்றிப் பார்த்தான். கிளிக்கு அடியில் ஜிகினா. ஆந்தைக்கு அடியில் ஜிகினா. குடிசைக்கு அடியில் ஜிகினா. தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தான். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து மரியாதையாகத்தான் சொன்னான்.

"சித்தப்பா, பன்னெண்டு பேரு தூக்கற பாரம் இது. தாத்தாவோட சேத்து நாலு பேர நீங்க சும்மா ஒக்கார வெச்சிட்டீங்க. மிச்ச எட்டுப் பேரு தலையில எல்லாம் வுழுது. பளிச்சுன்னு எரியுதுன்னு சொன்னீங்களே, அது வெளிச்சம் இல்ல சித்தப்பா. மூச்சு வாங்குது."

எனக்குப் பாலகாட்டுக்காரர்களும் பங்காருபேட்டைக்காரர்களும் வரிசையாக நின்று தலையை ஆட்டினது ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்ட பென்ஷன்காரர் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் நாங்கள் வெள்ளைக்காரனை ஜெயித்தது இதில்தானா என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். அக்காவும் அடைத்துக்கொண்டாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்ததும் இரண்டு தலைப்பும் வெளியே வந்துவிட்டது. அந்த டிசம்பரில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தாத்தாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்போது ஜிகினா சுற்றி எரித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். எரியும், இந்தப் பண்டிகைக்குள் இன்னொன்று போகும், அது போனால் அடுத்தது இன்னும் சீக்கிரம் போகும் என்றான் மகன். அந்த நாலு பேர் பாரத்தை வாங்கிக்கொள்ள நடுவில் வேறு எதையாவது வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எரிக்காமல் அலமாரியில் வைப்பதுதான் நல்லது என்றான்.

அலமாரி என்றதும் நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

என் வீட்டுக்காரர் எழுந்து எங்கள் வீட்டுக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கையில் எங்கள் மின்விசிறியின் பழைய ரெகுலேட்டர். கறுப்புப் பெட்டி, பெரிய திருகு, செங்கல் கனம். சுவரிலிருந்து பிடுங்கின சுண்ணாம்பு அதிலேயே ஒட்டியிருந்தது. காற்றாடியின் வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற சாமான், பல்பின் வேகத்தைப் பிடிக்காதா என்று மகனிடம் கேட்டார். மகன் யோசித்தான். பழைய மாடல் என்பதால் பிடிக்கும் என்றான். என் காற்றாடியைக் கெடுத்துவிட்டீர்களே என்று நான் சொன்னதை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. குனிந்து வயரை வெட்டி, சுற்றி, டேப் ஒட்டினார்கள். பெரியவர் சொன்னதைச் சின்னவன் திருத்த, சின்னவன் ஒட்டினதைப் பெரியவர் பிரிக்க, ஒருவழியாக முடிந்தது. தாத்தாவுக்கு அடியிலும் ஜிகினா போட்டு அவர் இடத்திலேயே உட்கார வைத்தார்கள்.

சைனா விளக்கை அணைத்துவிட்டு என் வீட்டுக்காரர் திருகை ஒரு சுற்றுத் திருப்பினார். திராட்சைக் குலைக்குள் ஒரு சிவப்பு வந்தது. பிறகு பபூன். பிறகு பிடில் பூனை. கண்ணைக் கூசவில்லை. மினுக்கென்று, உள்ளே யாரோ மெதுவாக ஊதிவிடுகிற மாதிரி எரிந்தது. பூனையின் பிடிலில் கம்பி வரைந்திருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். இவ்வளவு வருஷமும் அது வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்தது. மாமியார் கையை விரித்துச் சொன்ன மின்மினி இதுதான். அவள் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்று சொன்னேனே, இந்தப் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

லைனில் இரண்டு மூன்று பேர் வந்து பார்த்து, என்ன, இந்த வருஷம் டல்லடிக்கிறது, வோல்டேஜ் இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் ஆமாம், வோல்டேஜ் இல்லை என்றார்.

எனக்குக் கை சும்மா இருக்காது. இன்னும் கொஞ்சம் வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காகத் திருகை ஒரு கட்டம் ஏற்றினேன். பளிச்சென்றது. என் புறங்கையில் ஓர் அடி விழுந்தது. அக்காதான். திருகைப் பழைய இடத்துக்கே திருப்பி, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இவகிட்ட பொட்டிய வுட்டுட்டுப் போனா ஒரே வருஷத்துல எட்டையும் கொன்னுடுவா" என்று மகனிடம் சொன்னாள். "காப்பிக் கடையும் வாணாம், ஒரு கடையும் வாணாம். பொட்டி எங்கிட்டயே இருக்கட்டும். டிசம்பர் பொறந்தா நான் வந்து மாட்டிக்கறேன்."

"வந்தா எங்க தங்குவீங்க மம்மி? ஊடு பூட்டியிருக்கும்" என்றான் மகன்.

அக்கா திருகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல வேண்டியது நான்தான் என்று எனக்குத் தெரிந்தது.

"எங்க தங்குவா, என் ஊட்லதான். வந்து தொலையட்டும்" என்றேன். "அந்தக் கேக்க மட்டும் செஞ்சி எட்துனு வர வாணாம்னு சொல்லு."

புது வருஷம் முடிந்து கார் வந்தது. சாமானெல்லாம் பின்னால் ஏற்றினார்கள், பெட்டியை மட்டும் அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். நான் வயரைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். கொடுக்கத்தான் எடுத்து வந்தேனோ என்று மகன் கையை நீட்டினான். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். கார் கிளம்பும்போது அக்கா கண்ணாடியை இறக்கி, எலி கடிக்காத இடமாகப் பார்த்து வை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இப்போது வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறாள். பதினோராவது மாடியிலிருந்து பார்த்தால் மனுஷர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்களாம். யாரோடும் சண்டை போட வழியில்லையாம், எல்லோரும் லிஃப்டில் ஏறியதும் போனைப் பார்க்கிறார்களாம். பண்டிகைக்கு அவரவர் பால்கனியில் அவரவர் இஷ்டத்துக்கு விளக்கு மாட்டக்கூடாது என்று அந்தக் கட்டடத்தில் சட்டமாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் வயர் எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நான் எப்படி இருக்கிறேன் என்று இதுவரை கேட்டதில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்றால், நடுங்கிக்கொண்டிருக்கிறேன். ரெகுலேட்டர் போனதிலிருந்து எங்கள் காற்றாடிக்கு ஒரே வேகம்தான், புயல் வேகம். சித்திரை வெயிலிலும் கம்பளி போர்த்திக்கொண்டு படுக்கிறோம். சின்னதாகப் புது ரெகுலேட்டர் வந்திருக்கிறது, வாங்கிப் போடலாமே என்கிறாள் மருமகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புதுசு வந்தால் இந்தச் செங்கல் எதற்கு என்று யாராவது தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவார்கள். அதை வயரோடு சேர்த்துச் சுருட்டி அரிசி டின் மேல் வைத்திருக்கிறேன். திருகை மட்டும் நான் தொடவில்லை. அவள் வைத்துவிட்டுப் போன கட்டத்திலேயே இருக்கிறது.